சாக்கைப் பார்த்து ஆளைச் சொல்பவள்

பெர்னி அக்கா சாக்கை முதலில் முகர்ந்து பார்ப்பாள். பிறகு முடிச்சை இழுத்துப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் மேலே எழுதியிருக்கும் பெயரைப் படிப்பாள். "இவன் மீனைச் சரியா உறைய வைக்கல. பாதி வழியில இவன் நாய்ங்க வயித்தப் புடிச்சுட்டுப் படுக்கும்" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தூக்கிப் பனி வண்டியின் பின்னால் எறிவாள். சொன்னது பலித்தால் ஊரெல்லாம் போய்ச் சொல்வாள். பலிக்காவிட்டால் அந்தப் பெயரை அப்புறம் எடுக்கவே மாட்டாள்.

யூக்கான் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குக் குளிர்காலத்தில் எது வந்தாலும் சின்ன விமானத்தில்தான் வரவேண்டும். அதை எதிர்கொண்டு சரக்கை இறக்குவது, ஏறுகிறவர்களையும் ஏற்றுகிறவற்றையும் எடை போடுவது, கதவைச் சாத்திக் கையசைத்து அனுப்புவது, எல்லாம் பெர்னி அக்காவின் பொறுப்பு. பெயர்ப்பலகை கிடையாது, சீருடை கிடையாது. ஒரு தராசு, ஒரு பனி வண்டி, நீர்நாய்த் தோல் தொப்பி, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவளால் ஒரு விமானமும் ஒரு நிமிஷம்கூடப் பிந்தியதில்லை என்பது அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. கணவர் ஆல்பெர்ட் ஒருமுறை கூரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு கிடந்தார். அன்றைக்கும் ஓடுதளத்துக்குப் போய்விட்டுத்தான் வந்தாள். "கால் உடைஞ்ச ஆளு எங்க ஓடிடப் போறாரு? ப்ளேன் ஓடிடும்ல?" என்று கேட்டாள்.

மார்ச்சில் பெரிய நாய்வண்டிப் பந்தயம். ஆயிரம் மைல். வண்டிகள் நின்று பதிந்துவிட்டுப் போகிற சாவடிகளில் எங்கள் ஊரும் ஒன்று. வழியில் வேண்டிய நாய்த்தீனி, நாய்களுக்கான துணிக் காலுறை, மாற்று உடை எல்லாவற்றையும் ஓட்டுகிறவர்கள் சாக்குகளில் கட்டிப் பிப்ரவரியிலேயே சாவடி சாவடியாக அனுப்பிவிடுவார்கள். ஊரில் மற்றவர்கள் போன வருஷத்து நேரத்தையும் நாய்களின் வம்சாவளியையும் அலசித் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். அக்கா சாக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாள். அவள் கை காட்டியவன் ஒருவனும் முதல் இருபதுக்குள் வந்ததில்லை. போன வருஷம் சாக்குக்குச் சாக்கு பூப் போட்டிருந்த ஒருவனைப் பிடித்தாள். அவன் இரண்டாம் நாள் வழி தவறி, சுற்றி, புறப்பட்ட ஊருக்கே வந்து சேர்ந்தான். "நாய்ங்களுக்கு வீட்டு ஞாபகம். பாசமான நாய்ங்க" என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் முப்பத்தொன்றாம் எண். மார்வின் ஸ்பைசர் என்று பெயர். விஸ்கான்சினில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், பந்தயத்துக்குப் புதுசு. முடிச்சு படுமோசம், எழுத்து அதைவிட மோசம். ஆனால் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தான். 'இதைத் தூக்குகிறவருக்கு: கனம் அதிகம், மன்னிக்கவும்.'

அக்கா அதை மூன்று தரம் படித்தாள். அப்புறம் அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனை டன் தூக்கியிருப்பாள்! கனமாயிருக்கிறதா என்று ஒரு ஜீவனும் கேட்டதில்லை. "போச்சு போ, இந்த வருஷம் இவன்தான்" என்றாள்.

பந்தயம் தொடங்கிவிட்டால் அவள் ஒரு கையில் வெண்ணெய் தடவிய கெட்டி பிஸ்கட், மறு கையில் போன். போனில் பந்தய வரைபடம், ஒவ்வொரு நாய்வண்டியும் அதில் நகரும் ஒரு புள்ளி. முப்பத்தொன்று கடைசிப் புள்ளி. அதற்கும் அதற்கு முந்திய புள்ளிக்கும் நடுவில் ஒரு மாவட்டமே அடங்கும்.

"அக்கா, உன் ஆளு பந்தயத்துக்கு வந்தானா, மீன் புடிக்க வந்தானா?" என்று கேட்டான் அவள் தம்பி எல்மர். சாவடியில் வைக்கோல் பங்கிடுகிற வேலை அவனுக்கு.

"முதல்ல வர்றவனுக்குக் கைதட்ட ஊரே நிக்குது. அவனுக்கு நான் எதுக்குடா?" என்றவள், போனைப் பார்த்து, "நகருடா ராஜா, நகரு. மானம் போகுது" என்றாள்.

முன்னணியில் போனவர்கள் எங்கள் ஊரைக் கடந்து நான்கு நாளாகிவிட்டது. பந்தயத்தை நடத்துகிறவர்களில் சாவடியில் மிச்சமிருந்தவள் நடுவர் லொரெய்ன் ஒருத்திதான். அவளும் நண்பகல் விமானத்தில் அடுத்த ஊருக்குப் போகவேண்டும். அவள் போனால் சாவடி மூடிவிடும். அதற்குள் வந்து சேராதவன் பந்தயத்திலிருந்து நீக்கப்படுவான். மார்வினின் புள்ளியோ காலையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி ஆற்றின் மேலேயே நின்றுகொண்டிருந்தது.

"வண்டிய எடுத்துட்டுப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரவா?" என்றார் ஆல்பெர்ட்.

"ஐயோ, வேற வினையே வேண்டாம்! நீங்க போயி ஒரு கை குடுத்தீங்கன்னா, வெளி ஆளு உதவின்னு சொல்லி அங்கயே அவனைப் பந்தயத்துலேருந்து தூக்கிடுவாங்க. பேசாம உக்காருங்க."

பதினொன்று பத்துக்குப் புள்ளி நகர்ந்தது. ஒன்பது மைலுக்கு எப்படியும் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். பதினொன்று நாற்பதுக்கு விமானம் இறங்கிவிட்டது. லொரெய்ன் பையோடு வந்து நின்றாள். பெர்னி அக்கா ஆற்றைப் பார்த்தாள், விமானத்தைப் பார்த்தாள், தராசை இழுத்து நடுவில் போட்டாள்.

வழக்கமாகச் சாக்கைக் கையில் தூக்கியதுமே எடை சொல்லிவிடுகிறவள், அன்றைக்கு ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். "காத்துல முள்ளு ஆடுது" என்று இறக்கினாள். மறுபடி வைத்தாள். களைத்துப்போய்த் திரும்ப அனுப்பப்படுகிற நாய்கள் இரண்டு இருந்தன. அவை தராசில் நிற்பேனா என்றன. நிற்கிறவரை காத்திருந்தாள், வாலை வெளியே தொங்கவிட்டதற்காக இன்னொரு தரம் ஏற்றினாள்.

"நீங்களும் ஏறுங்க" என்றாள் லொரெய்னிடம்.

"போன வாரம் வந்தப்பவே சொன்னேனே, நூத்தி நாப்பது பவுண்டு."

"அது போன வாரம். இந்த ஒரு வாரமா என் மூஸ் மான் சூப்ப யாரு குடிச்சது? ஏறுங்க."

லொரெய்ன் ஏறினாள். பூட்ஸோடு ஒரு தரம், பூட்ஸ் இல்லாமல் ஒரு தரம்.

"அத்தை, மணி பன்னெண்டு தாண்டிருச்சு" என்றான் விமானி தயங்கித் தயங்கி. அவனுக்கு இது புது அனுபவம்.

"தாண்டுனா தாண்டட்டும்! எடை தப்பாகி நீ ஆத்துல விழுந்தா உங்கம்மாவுக்கு யாருடா பதில் சொல்றது?" குரல் கணீரென்றுதான் வந்தது. ஆனால் முகம் செக்கச்செவேல் என்று சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துப் பெருமை கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, போகச் சொல்வதும் அவளேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

லொரெய்ன் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. ஆற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தன் கையுறை ஒன்றைக் கழற்றி நீட்டி, "இதையும் தனியா போட்டுரலாமா?" என்றாள்.

"போடாம?" என்றாள் அக்கா.

இரண்டாவது கையுறை தராசில் இருந்தபோது எல்மர் கத்தினான். "அக்கா! உன் ஆளு! அங்க பாரு, உன் ஆளு!"

பதினொரு நாய்கள் கரையேறி வந்தன. வாலெல்லாம் மேலே, வாயெல்லாம் சத்தம். பின்னால் சறுக்கு வண்டியில் தொங்கிக்கொண்டு, தாடியெல்லாம் பனி உறைந்து, மனிதன் மாதிரி ஒன்று நின்றிருந்தது. லொரெய்ன் வெறும் காலுறையோடு பனியில் ஓடி நாய்களை எண்ணினாள், கோடாரி இருக்கிறதா, படுக்கைப் பை இருக்கிறதா என்று பார்த்தாள், கையெழுத்து வாங்கினாள். "நான் இன்னும் ஏறலையே, சாவடி தொறந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பூட்ஸைப் பொறுக்கிக்கொண்டு போய் விமானி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எல்மர் அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். ஆல்பெர்ட் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

பெர்னி அக்கா சொல்வதற்கு நான்கு வரி தயாராக வைத்திருந்தாள். மார்வின் நேரே அவளிடம் நடந்து வந்தான்.

"நீங்கதான் ப்ளேனுக்கு ஆளா?"

"ஆமாப்பா, நான்தான். நான் உன்னோட..."

"அதுல எடம் இருக்கா? என்னால முடியலங்க. நான் விலகிக்கறேன். நாய்ங்கள ரெண்டு ரெண்டா ஏத்தி விட்டீங்கன்னா நாங்க வீட்டுக்குப் போயிடுவோம்."

அவன் பின்னால் முன்னணி நாய், இன்னும் ஏன் நிற்கிறோம் என்று வாரைக் கடித்து இழுத்துக் குதித்துக்கொண்டிருந்தது. மற்ற பத்தும் அதற்கு ஒத்துப் பாடின.

"எப்பத் தூங்குன?" என்று கேட்டாள் அக்கா.

அவன் யோசித்தான். யோசித்து, "இன்னிக்கு என்ன கிழமை?" என்றான்.

"அக்கா, பின்னால ஒரு சீட்டு காலியாத்தான்..." என்று தொடங்கினான் எல்மர்.

"நீ போயி வைக்கோலப் பிரிச்சுப் போடுடா" என்றாள் அக்கா. விறுவிறுவென்று நடந்து, ஓடுதளத்து ஓரத்தில் கிடந்த சாவடிக் குப்பைச் சாக்கைத் தூக்கி வந்தாள். அதை விமானத்தின் அந்தக் காலி இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்து, பெல்ட்டைக் குறுக்கே போட்டு மாட்டி, இறுக்கி இழுத்துவிட்டாள்.