செம்பனைத் தோட்டத்தில் ஒரு வெடிச் சத்தம்

இன்று காலை செமினியில் மலையேறும்போது, நம் குழுவினர் ஸ்பீக்கரில் அலறவிட்ட பாட்டு பிடிக்காமல், நான் மட்டும் செம்பனைத் தோட்டத்து ஓரமாக விலகி நடந்தேன்.

குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். வெடிச் சத்தம். தலைக்கு மேலிருந்த மட்டை கிழிந்து விழுந்தது. மண்ணோடு படுத்துவிட்டேன்.

வேட்டைக்காரர் ஒருவர் துப்பாக்கியோடு ஓடி வந்தார்.

"அக்கா, அடி படலையே? கறுப்புச் சட்டையில குனிஞ்சிருந்தீங்க, காட்டுப்பன்னின்னு நினைச்சிட்டேன்."

"பார்க்காமலா சுடுவீங்க?"

"தப்புதான்க்கா. ஆனா பாட்டுச் சத்தம் கேட்டா நாங்க சுட மாட்டோம்லா."

கார் வரைக்கும் உரக்கப் பாடிக்கொண்டே வந்தேன்.

ஆரஞ்சு நிறச் சட்டை வாங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு ஸ்பீக்கர் யார் கொண்டு வருகிறீர்கள்? பெரியதாக இருக்கட்டும்.