அக்காவின் பூஜ்யங்கள்

இங்கே ஜெர்மனியில் காலை ஆறரைக்குப் பேருந்துக்காக நிற்கும்போது என் போனைத் திறந்து ஐந்து எண்களைப் பார்ப்பேன். கூட வேலை செய்யும் பெத்ரா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "யார் ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டாள். கால்பந்து ஸ்கோர் என்று நினைத்திருக்கிறாள். என் அரைகுறை ஜெர்மனை வைத்துக்கொண்டு என்ன சொல்ல? "அக்கா" என்றேன். நல்ல டீம் போலிருக்கிறது என்று தலையாட்டினாள்.

என் அக்கா எஸ்தர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கர். தையல் ஒரு நூல் விலகினாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, ஷூவைத் திருப்பி அனுப்பிவிடுவாள். மார்பில் கட்டி வந்து வேலூரில் கீமோ தொடங்கியபோது, தினமும் போனில் நிரப்பச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வாந்தி, வாய்ப்புண், வலி, சோர்வு, காய்ச்சல். முதல் நாலுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை. காய்ச்சலுக்கு மட்டும் தெர்மாமீட்டர் கணக்கு, இல்லாவிட்டால் பூஜ்யம். "எனக்கு இதெல்லாம் வராது, நீயே போடுடா" என்றாள். தினமும் நான் கூப்பிட்டுக் கேட்பேன், இங்கிருந்தே நிரப்புவேன்.

"வாந்தி?"

"இன்னாத்துக்கு வாந்தி? எல்லாத்துக்கும் முட்டை போடு."

போட்டேன். கடல் கடந்து போனவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது தெரிந்தும் நம்பினேன். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு, நான் பூஜ்யம் போட்ட ஒரு காலையில், அக்கா காய்ச்சலில் சமையலறையிலேயே விழுந்தாள். பக்கத்து வீட்டு ஷாகிரா ஆட்டோ பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார்களாம்.

"தினம் எல்லாம் பூஜ்யம்னு வந்திருக்கேக்கா?" என்று நர்ஸம்மா கேட்டிருக்கிறார்.

"அது ஃபாரின்ல கீற தம்பி போடறது. அவங்கிட்ட போயி வாய்ப்புண்ணுன்னா பேஜாராயிடுவான்மா."

"அப்போ நாளையிலிருந்து நீங்களே போடுங்க."

வராது என்றவள் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "செக்கிங் மாதிரிதான்டா இது. குறையை மறைச்சா மொத்த சரக்கும் திரும்பி வந்துடும். போனுக்கு இன்னா, அது அழுவவா போவுது?"

போன மாதம் ஒருநாள் காய்ச்சல் நூற்றியொன்று என்று போட்டாள்; மற்றதை ஷாகிரா சொன்னாள். போனைக் கீழே வைப்பதற்குள் வேலூரிலிருந்து அழைப்பு: "உடனே கிளம்பி வாங்கக்கா." இந்த முறை விழவில்லை; தன் காலிலேயே நடந்துபோய் ஆட்டோ ஏறினாள். கட்டை விரலால் தொட்ட ஒரு எண் முப்பது மைல் தாண்டி ஒருவரை எழுப்பிவிடுகிறது!

அந்தப் படிவம் என் போனிலும் இன்னும் திறந்தபடி இருக்கிறது; அவள் போடும் எண்கள் அதில் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. பார்ப்பது தப்புதான். சொல்லிவிட்டால் மறுபடியும் முட்டை போட ஆரம்பித்துவிடுவாள்.

இன்று வாய்ப்புண் ஏழு, சோர்வு எட்டு. பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"எப்படிக்கா கீற?"

"சூப்பரா கீறேன்டா. நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா" என்றேன், வெறும் வயிற்றோடு. பேருந்து வந்தது. ஒரு காதில் அக்காவின் சிரிப்பு, உள்ளங்கையில் அவளுடைய எட்டு. இரண்டையும் பிடித்துக்கொண்டு ஏறினேன்.