ஷிஹானா டீச்சரின் பூனை மாதம்

குசினிக்குள் சட்டி மூடி ஒன்று விழுந்து, நெடுநேரம் சுழன்று அடங்கியது. முன்னறைக் கதிரையின் நுனியில் அமர்ந்திருந்த கனகலிங்கம் பாதி வசனத்தில் நின்றார். ஷிஹானாவின் நெஞ்சும் அந்தப் பாதியிலேயே நின்றது.

"எங்கட பூனை மிளகுதான் ஐயா, மீன் சட்டியைத் தேடுது. நீங்க சொல்லுங்க."

அவர் சொல்ல வந்தது இனிப்பான செய்தியல்ல. மாதர் ஆங்கில வகுப்பு ஊர்ச் சனசமூக நிலையத்துக்குரியது. அவர் அதன் தலைவர். மண்டபத்துக்குக் கூரை மாற்றுவதால் இரண்டு மாதமாக வகுப்பு ஷிஹானாவின் வீட்டில் நடக்கிறது. இப்போது பெண்களின் வீட்டுக்காரர் முறையிடுகிறார்கள். மூன்று கிழமையாக ஒரே ஒரு பூனையைப் படிக்கிறார்களாம். கடிதம் இல்லை, இலக்கணம் இல்லை. அடுத்த மாதம் வவுனியாவிலிருந்து வேறொருவர் படிப்பிக்க வருவார்.

"குறை நினையாதேங்கோ பிள்ளை," என்று முடித்தார்.

ஷிஹானாவுக்கு முப்பத்து நான்கு வயது. பெற்றோர் இடம்பெயர்ந்து போன புத்தளத்தில் பிறந்து, அங்கேயே படித்து, கலியாணம் முடித்து, வாப்பாவின் முல்லைத்தீவுக் காணிக்குத் திரும்பி வந்தவள். கணவன் அஹ்ஸன் ரவுண் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கிறான். ஆசிரியப் பயிற்சிக்கு மூன்று தடவை விண்ணப்பித்தாள். மூன்று தடவையும் இடம் கிடைக்கவில்லை. அவளை 'டீச்சர்' என்று அழைப்பது இந்த உலகத்தில் பதினான்கு பெண்கள்தான். அந்த அழைப்பும் போய்விட்டால் அவள் வெறும் அஹ்ஸனுடைய பெண்சாதி.

மாதத்துக்கு ஒரு பிராணி என்பது அவளே கண்டுபிடித்த வழி. பூனை இல்லாத வீடு ஊரில் இல்லை. ஆங்கிலேயனுக்கோ பூனை இல்லாமல் வாயே திறக்காது. இரகசியம் வெளிப்பட்டால், பையிலிருந்து பூனை வெளியே வந்துவிட்டது என்பான். அடுத்தவரைப் பார்த்துச் செய்பவர் 'கொப்பிகற்', பார்த்தெழுதும் பூனை. சற்றே கண்ணயர்ந்தால் அது பூனைத் தூக்கம். அடைமழை என்றால் வானத்திலிருந்து பூனையும் நாயும் விழும். பேசாமல் இருப்பவரிடம், உன் நாக்கைப் பூனை கொண்டுபோய்விட்டதா என்று கேட்பான். பெண்கள் ஆளுக்கொன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் வாழ்க்கையில் பொருத்திக்கொண்டு வந்து சொல்லவேண்டும். நிரோசினி தன் மாமியாரின் மூன்று மணிநேர மத்தியான உறக்கத்தைப் பூனைத் தூக்கம் என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு மாமியார் காதுவரை போனது. முறைப்பாட்டின் ஊற்று அங்கேயாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் சொல்ல அவள் நினைத்தாள். ஆனால் "சரி ஐயா," என்று மட்டும் வந்தது.

கனகலிங்கம் எழுந்தார். மகளின் கலியாணப் பேச்சுக்காக முள்ளியவளைக்குப் போகவேண்டும்; நாலரைக்கு நல்ல நேரம். வாசல் படலையை நோக்கி நாலு அடி வைத்திருப்பார். கறுவா என்ற கறுப்புப் பூனை, அவருக்கு முன்னால் ஆற அமர முற்றத்தைக் கடந்தது.

அவர் திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தார். ஷிஹானாவுக்கு அந்தச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்புகிறவர்களின் நடுவில் வாழ்கிறவள். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மிடறு குடித்தார், சற்று இருந்தார், மீண்டும் புறப்பட்டார். இம்முறை படலைவரை போனார். மீன் சட்டியில் தோல்வி கண்ட மிளகு, குசினிப் பக்கமிருந்து பாய்ந்து வந்து குறுக்கே ஓடியது.

"எத்தினை வளர்க்கிறியள் பிள்ளை?" என்று கேட்டபடி வந்து அமர்ந்தார்.

"அஞ்சு, ஐயா."

அவர் தண்ணீரை இப்போது முழுமையாகக் குடித்தார்.

அதற்குள் மூன்று மணியாகி, பெண்கள் வந்து பாயில் அமர்ந்துவிட்டார்கள். நடந்ததை ஷிஹானா அவர்களிடம் சொல்லவில்லை. கடைசி வகுப்பு என்ற எண்ணத்தை மனதுக்குள்ளேயே மறைத்துக்கொண்டு, பூனைக்கு ஒன்பது உயிர் என்று ஆங்கிலேயர் சொல்வதைப் பலகையில் எழுதினாள். இதை உங்கள் வாழ்க்கையில் பொருத்தி யாராவது சொல்லுங்கள் என்றாள்.

யாரும் எதிர்பாராத விதமாக எழுந்தவள் யூலிற்றா. நாயாற்றிலிருந்து பஸ் ஏறி வருகிறவள்; புருசனோடு சேர்ந்து நண்டு பிடித்து விற்கிறவள். கொழும்பிலிருந்து வாங்க வருகிறவன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போகிறான், ஒருநாள் பதில் சொல்லவேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவள். இரண்டு மாதத்தில் வாய் திறந்ததில்லை.

அவள் கனகலிங்கத்தைப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள்.

"சுனாமி, வன். வோர், ரூ. டெங்கு, திறீ." சுனாமிக்கும் போருக்கும் காய்ச்சலுக்கும் மடித்த விரல்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சிக்ஸ் பலன்ஸ், சேர்."

முதலில் நிரோசினி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், யூலிற்றாவும்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கன்னத்தில் நீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. ஷிஹானா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் துடைத்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். அவருடைய விரல்களும் மடியில் எதையோ எண்ணின. எந்த இலக்கத்தில் நின்றன என்று அவர் சொல்லவில்லை.

"வவுனியாக்காரரை வரவேண்டாம் எண்டு சொல்லுறன்," என்றார் மெதுவாக. "ஆனா பிள்ளை, கிழமைக்கு ஒருநாள் கடிதமும் எழுதப் பழக்குங்கோ. எனக்கும் ஆக்களுக்கு மறுமொழி சொல்லவேணும்."

"பழக்குறேன் ஐயா."

"வாற மாதம் என்ன?"

"நாய் எண்டு நினைச்சிருக்கிறேன்."

"மாட்டை எடுங்கோ. என்ர வீட்டில நாலு நிக்குது. தேவையெண்டா ஒண்டை அனுப்பிவிடுறன்."

நாலுக்கு இன்னும் பத்து நிமிடம். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், முற்றத்தைப் பார்த்தார். அவருடைய சங்கடம் பெண்களுக்குப் புரிந்தது. ஷிஹானா கறுவாவைத் தூக்கினாள். நிரோசினி மிளகைத் தேடிப் பிடித்தாள். மற்ற மூன்றும் மூன்று மடிகளுக்குப் போயின. ஐந்து பூனைகளும் வால் அசையாமல் பார்த்திருக்க, தலைவர் முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்து, சைக்கிளில் ஏறிப் போனார்.

அவர் வளைவில் மறையும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு ஷிஹானா, கறுவாவை ஒரு கையில் அணைத்தபடி, மறு கையால் கதவைச் சாத்தினாள்.