படகுக் கூலி இறங்கும்வரை

ஜெயபுரத்தில் நெல் விற்க நினைப்பவர்கள், லொறிக்காரன் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதற்கு முன், பத்மாசனி விற்றுவிட்டாளா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வார்கள். அவளுடைய மூட்டைகள் இன்னும் விறாந்தையில் அடுக்கிக் கிடந்தால் தாங்களும் கொஞ்சம் பொறுப்பார்கள். அறுவடை முடிந்த கையோடு விலை விழும் என்பதும், சித்திரை பிறந்தால் ஏறும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் பொறுத்திருக்க எல்லாராலும் முடிவதில்லை. பத்மாசனியால் முடிந்தது. பிள்ளைகளுக்குப் பழஞ்சோறும் சம்பலும் கொடுத்துக்கொண்டு அவள் பொறுத்திருப்பாள்.

தொண்ணூற்றைந்தில் கைதடியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது அவர்களிடம் ஒரு சைக்கிளும் அதில் கட்டிய ஓர் உரப்பையும் மட்டுந்தான் இருந்தன. மூத்தவள் தேனுகா சைக்கிள் பாரில் இருந்தாள். கைக்குழந்தை விதுசன் தாயின் இடுப்பில் இருந்தான். கணவன் ஐயாத்துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். ஊர் அடங்கியதும் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்தவர்கள், குத்தகைக்கு வயல் எடுத்து, மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்து, அப்படியே வன்னியில் தங்கிவிட்டார்கள். ஐயாத்துரை வேலைக்கு அஞ்சாதவன். வாய் திறப்பது குறைவு. வாங்குவதும் விற்பதும் மனைவியின் பாடு என்று விட்டுவிட்டான். அவள் சொன்னதை அவன் மறுத்துப் பேசி அயலில் யாரும் கேட்டதில்லை.

சமாதான காலத்தில் கண்டி வீதி திறந்தபோது கூரைத் தகடும் சீமெந்தும் கிளிநொச்சியில் வந்து குவிந்தன. வருடக்கணக்காக இவற்றைக் கண்ணால் காணாத சனம், கேட்ட விலையைக் கொடுத்து அள்ளிக்கொண்டு போனது. பத்மாசனி வாங்கவில்லை. பாதை திறந்துதானே கிடக்கிறது, லொறி வர வர விலை இறங்கும் என்று சொல்லிவிட்டு இன்னொரு மாரியையும் ஒழுகும் கூரைக்குக் கீழே கழித்தாள். அடுத்த வருடம் அவள் சொன்னபடியே இறங்கியது. மற்றவர்கள் ஓர் அறை கட்டிய காசில் அவள் இரண்டு அறையும் குசினியும் கட்டினாள். அதற்குப் பிறகுதான் ஊரில் அவளுடைய சொல்லுக்கு ஒரு பெறுமதி வந்தது.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் மறுபடியும் சண்டை தொடங்கி, பாதை பூட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில், நாச்சிக்குடாப் பக்கமிருந்து இந்தியாவுக்குப் படகு போகிறது என்ற கதை காதோடு காதாக ஊருக்குள் வந்தது. இயக்கம் யாரையும் வெளியே போக விடவில்லை. கடலில் நேவியின் ரோந்தும் இருந்தது. இரண்டுக்கும் தப்பிப் போக வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்தவன் சங்கிலி என்ற கருவாட்டு வியாபாரி. சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வீடு வீடாக வருபவன், நம்பிக்கையான வாசல்களில் மட்டும் கருவாட்டோடு படகுக் கூலியையும் சொல்வான்.

அயல்காணிப் பழனியாண்டிதான் அந்த ஊரில் முதலில் போனவன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவன். சங்கிலி சொன்ன கூலியை அவன் பேரம் பேசவில்லை. காசு புரட்டுவதற்காகத் தன்னுடைய உழவுமாட்டுச் சோடியை விற்க வந்தான். பத்மாசனி பாதி விலை சொன்னாள். வேறு யாரும் உடனே காசு எண்ணி வைக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். கயிற்றை ஐயாத்துரையின் கையில் கொடுத்துவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னான்:

"அக்கா, மாடு போனாப் போகுது. நீங்களும் புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. நான் ரெண்டு தடவை பிந்திப் போய்ப் பட்டவன்."

பார்ப்போம் என்றாள் அவள். அன்று பொழுதுபட ஐயாத்துரை அந்த மாடுகளைக் குளத்துக்குக் கொண்டுபோய்க் கழுவி வந்து கட்டினான். அந்த விலைக்கு அவனிடம் வாங்கியிருக்கக் கூடாது என்று முணுமுணுத்தான். அவள் மாடுகளுக்கு வைக்கோலை உதறிப் போட்டாள்.

போகத்தான் வேண்டும் என்று அவளுக்கும் விளங்கியிருந்தது. எப்போது என்பதுதான் கேள்வி. சங்கிலி வரும்போதெல்லாம் கருவாடு வாங்குகிறாளோ இல்லையோ, அன்றைய கூலியைக் கேட்டு வைத்துக்கொள்வாள். மன்னார்ப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டால் கூலி ஏறியது. இரண்டு கிழமை அமைதியாக இருந்தால் இறங்கியது. படகு நிறைய ஆள் சேர்ந்தால் தலைக்குக் குறைத்தார்கள். வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகுகள் குறைந்து கூலி உச்சியில் நின்றது. இவ்வளவையும் பார்த்த பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மாசியில் அறுவடை. பங்குனியில் கடல் தாம்பாளம் மாதிரிக் கிடக்கும், படகுகள் கூடும், கூலி விழும். அப்போது போவது.

தையில் சங்கிலி வந்து, பாதிக் காசை முற்பணமாகத் தந்தால் இப்போதைய கூலிக்கே மாசியில் நாலு பேருக்கும் இடம் பிடித்துத் தருவதாகச் சொன்னான். பங்குனியில் எப்படியும் இறங்குந்தானே என்று அவள் கேட்டாள்.

"ஓம் அக்கா, இறங்கும்தான்" என்றான் அவன். "ஆனா இப்ப கடலைப் பாத்து மட்டும் ஒண்டும் நடக்கிறேல்லை."

அவள் முற்பணம் கொடுக்கவில்லை. இதை அவளுடைய பேராசை என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. போய் இறங்கும் கரையில் அவளுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒருவரும் இல்லை. படகுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதை வைத்துத்தான் நாலு வயிறும் அங்கே உயிர்வாழ வேண்டும். ஒருமுறை உரப்பையோடு வந்து இறங்கியவள், இன்னொரு முறை வெறுங்கையோடு இறங்கப் பயந்தாள்.

மாசியில் நல்ல விளைச்சல். ஆனால் வாங்க லொறி இல்லாமல் நெல் விலை கிடையில் கிடந்தது. படகுக் கூலி கொஞ்சம் இறங்கியிருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் இயக்கத்துக்கு வர வேண்டும் என்று முழங்காவில் பக்கம் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்ற செய்தி அந்தக் கிழமைதான் வந்தது. தேனுகாவுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நெல் அவித்துக்கொண்டிருந்த தாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா, இப்பவே போவமே."

"இந்த விலைக்கு நெல்லைக் குடுத்திட்டுப் போய் அங்கை என்னத்தைத் தின்னுறது? இன்னும் ரெண்டு கிழமை பொறு பிள்ளை."

தேனுகா அடுப்புக்கு உமி தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு கிழமை முடியவில்லை. ஒரு காலைப்பொழுதில் வாகனம் வாசலில் வந்து நின்றது. வந்தவர்கள் சத்தம் போடவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒன்று வரத்தான் வேண்டும் என்றார்கள். விதுசன் பள்ளிக்கூட உடுப்போடு நின்றான். அவன் இன்னும் சின்னப் பிள்ளை என்று ஐயாத்துரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேனுகா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வெளியே வந்தாள்.

"தம்பியை விடுங்கோ. நான் வாறன்."

பத்மாசனி வாகனத்தின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடினாள். பிறகு விழுந்தாள். முழங்கையில் பட்ட காயம் ஆறக் கன நாள் எடுத்தது.

பங்குனியில் அவள் சொன்னமாதிரியே கடல் படுத்தது, கூலியும் இறங்கியது. சங்கிலி வந்து அதை அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நெல்லைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, மூன்று பேருக்கு இடம் கேட்டாள் அவள். விதுசனையாவது காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்பு. அப்போதுதான் ஐயாத்துரை முதல்முறையாக மாட்டேன் என்றான்.

"நீர் தம்பியைக் கூட்டிக்கொண்டு போம். நான் வரேல்லை. அவள் ஓடி வந்தா வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது."

அவள் அழுதாள், ஏசினாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். அவன் அசையவில்லை. அவனை விட்டுவிட்டுப் போக அவளாலும் முடியவில்லை. சங்கிலியின் படகு அவர்கள் இல்லாமல் போனது.

தேனுகா ஒரேயொரு தடவை விடுமுறையில் வந்தாள். கூந்தலைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். இன்றைக்கே சங்கிலியிடம் போய்விடுவோம் என்று தாய் அவளுடைய காதுக்குள் சொன்னாள். தான் திரும்பிப் போகாவிட்டால், படகு கிடைப்பதற்குள் அப்பாவையும் தம்பியையும் கொண்டுபோவார்கள் என்றாள் மகள். பின்னேரம், கட்டிவைத்த பலகாரத்தைக்கூட எடுக்காமல், வந்த வழியே போய்விட்டாள்.

அடுத்த வருடம் சண்டை மன்னார்க் கரையோரமாக மேலே மேலே வந்தது. ஒருநாள் சங்கிலியும் தன் குடும்பத்தோடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டார்கள். நாச்சிக்குடாவில் ஷெல் விழத் தொடங்கியதும் ஜெயபுரமே எழும்பியது. பழனியாண்டியின் மாடுகளை வண்டியில் பூட்டி, கூரைத் தகடுகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு, அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம் என்று அவர்களும் போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் கொட்டில் போட்டுச் சமைத்து, பிறகு அதைப் பிரித்தார்கள். சுதந்திரபுரத்துக்குப் பக்கத்தில், மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோன இடத்தில் ஐயாத்துரை ஷெல் பட்டு விழுந்தான். விதுசனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒழுங்கை ஓரத்தில் தோண்டிப் புதைத்தார்கள். மாடுகளில் ஒன்று செத்துக் கிடந்தது. மற்றதைக் காணவில்லை. தாயும் மகனும் வண்டியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்கள்.

மாத்தளன் கடற்கரையில் விதுசனுக்குக் காலில் ஷெல் துண்டு பட்டது. பள்ளிக்கூடத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. காயம் பட்டவர்களை ஏற்றக் கப்பல் ஒன்று வந்து தூரக் கடலில் நிற்கும். வள்ளங்களில் கொண்டுபோய் அதில் ஏற்றுவார்கள். காயக்காரர் ஒருவரோடு ஒருவர் துணைக்குப் போகலாம். ஏற்றுவதற்கு ஆட்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்த பொடியனிடம் பத்மாசனி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினாள். அவன் அதை வாங்காமல் அவளுடைய விரல்களை மூடிவிட்டான்.

"இது காசுக்கு இல்லை அம்மா. காயத்தைப் பாத்துத்தான் ஏத்துறம்."

மூன்றாம் நாள், துணியை அவிழ்த்துக் காலைப் பார்த்த டொக்டர், இவனை இன்றைக்கே ஏற்றுங்கள் என்றார். கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்தபோது, ஜெயபுரத்தில் பின்வீட்டில் இருந்த கமலாட்சி சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முந்தின நாள் வலைஞர்மடத்தில் தேனுகாவைக் கண்டாளாம். இயக்கத்தை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாளாம். அம்மா எங்கே என்று கேட்டுத் திரிகிறாளாம். மாத்தளனில்தான் நிற்கிறார்கள் என்று தான் சொல்லிவிட்டதாகவும், இன்றோ நாளையோ வந்துவிடுவாள் என்றும் கமலாட்சி மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அடுத்த கப்பலும் வருமாம் பத்மாக்கா. ஒரு நாள் நில்லுங்கோவன்."

பத்மாசனி அவள் வந்த திசையைப் பார்த்தாள். மணல் முழுக்கத் தறப்பாள்களும் தலைகளுமாக இருந்தன. பிறகு குனிந்து மகனைப் பார்த்தாள். காலில் கட்டியிருந்த சேலைத் துண்டுக்குள்ளிருந்து மணக்கத் தொடங்கியிருந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. வள்ளக்காரர் காயக்காரரைத் தூக்கச் சொல்லிச் சத்தம் வைத்தார்கள். அவள் மகனின் தலைப்பக்கத்துக்குக் கையைக் கொடுத்தாள்.

"அவளைக் கண்டா, கப்பலிலை போயிட்டினம் எண்டு சொல்லுங்கோ கமலாட்சி. தம்பிக்குச் சுகம் எண்டும் சொல்லுங்கோ."

கப்பலில் மேல்தட்டு முழுக்கக் காயக்காரர்கள். வெயிலுக்கு ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு அவள் மகனுக்குப் பக்கத்தில் இருந்தாள். கரை மறையும்வரை பார்த்தாள் என்று விதுசன் பிறகு நினைத்திருந்தான். அவள் கரையைப் பார்க்கவில்லை. அன்று மகனுடைய மூச்சைத் தவிர வேறு எதையும் தான் பார்க்கவில்லை என்று அவள் சொன்னாள்.

புல்மோட்டையிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விதுசனின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். உயிர் தங்கியது. பிறகு செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரம் கிடைத்தது. வைகாசியில் சண்டை முடிந்து மிச்சச் சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியபோது பத்மாசனி நாள் முழுக்க முட்கம்பி ஓரத்தில் நின்றாள். அப்படி வந்த ஒரு பஸ்ஸில்தான் கமலாட்சியும் இருந்தாள். அன்றைக்குப் பிறகு தேனுகாவைத் தான் காணவேயில்லை என்று அவள் சொன்னாள். முள்ளிவாய்க்காலில் காயத்தோடு கண்டதாக ஒரு பெட்டை சொன்னாள். ஓமந்தையில் இயக்கத்தில் இருந்தவர்களை ஆமி வேறாக்கி ஏற்றிய பஸ்ஸில் இருந்ததாக இன்னொருத்தி சொன்னாள். அந்த நாள் பின்னேரம் தேனுகா மாத்தளனுக்கு வந்தாளா, வரவேயில்லையா என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் நின்றிருந்தால் மகன் போயிருப்பான் என்று வவுனியா டொக்டர் சொன்னதைப் பத்மாசனி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

ஆடி அமாவாசை முகாமுக்குள்தான் வந்தது. வாய்க்கால் கரையில் ஓர் ஐயர் இருந்து பிதிர்க்கடன் செய்வித்தார். எள்ளும் அரிசியும் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. எப்படியோ கொஞ்சம் கொண்டுவந்திருந்தார்கள். ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துவிட்டு விதுசன் காலை நீட்டி இருந்தான். ஐயர் தகப்பனின் பெயர் கேட்டார். ஐயாத்துரை என்றான். வேறு யாருக்கும் செய்ய வேண்டுமா என்று அவர் கேட்டார். அன்று எல்லாரிடமும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். விதுசன் திரும்பித் தாயைப் பார்த்தான்.

"ஒராளுக்குத்தான் ஐயா" என்றாள் பத்மாசனி.