வெள்ளைக் குன்றில் பச்சைக் கல்

அபோண்டியை நல்லவள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். நல்லவளாக இருக்க அவளுக்கு நேரம் கிடைத்ததே இல்லை. ஏரிக்கரையில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் ஒமேனாப் பொடிமீன் காய வைத்து விற்றோம். அவள் வயிறு எரிந்ததை நான் கூட இருந்து பார்த்தவள்.

எங்கள் பக்கமெல்லாம் கல் பச்சை. எந்தக் காலத்திலோ எரிமலை கக்கி, பூமிக்குள் வெந்து பச்சையாகிப் போனது என்பார்கள். அதன் நடுவே ஒரே ஒரு குன்று மட்டும் வெள்ளை. எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும். அதுவும் நெருப்புக் குழம்பாய்ப் பொங்கி வந்ததுதானாம். சுண்ணாம்பு எங்கேயாவது பொங்கி வருமா? சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தக் குன்றின் மேல்தான் அபோண்டியின் புருஷன் ஒபியேரோ வீடு கட்டினான். காய்ச்சலில் அவன் செத்தபோது, வழக்கப்படி அவள் வீட்டுக்கு வலப்பக்கம் புதைத்தோம். வெள்ளைப் பாறையில் ஆழமாகத் தோண்ட முடியவில்லை. கழுதைப்புலி கிளறிவிடும் என்று அபோண்டி ஓடைக்கரையிலிருந்து பச்சைக் கல்லைத் தலையில் சுமந்து வந்து குழியை அடைத்தாள். கழுத்து வீங்கிவிட்டது அவளுக்கு.

துக்கம் முடிந்ததும் கொழுந்தன் ஒக்வாச் வந்தான். அண்ணன் பெண்டாட்டியைத் தம்பி சேர்த்துக்கொள்வது எங்களில் உண்டு.

"என்கூட இருந்துக்கங்க அண்ணி" என்றான்.

"உங்கண்ணன் பக்கத்துல படுத்தவ நான். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எந்திரிக்கணுமா? போ போ."

அடுத்த மழைக்குள் அவள் வீட்டைப் பிரித்துப் போட்டான். கல்லறை மேட்டைச் சமமாக்கிச் சோளம் விதைத்தான். கல்லறை இருக்கிற இடம்தான் எங்களுக்கு நிலம். அது இல்லாத விதவைக்கு என்ன இருக்கிறது? ஊர்ப் பெரியவர்களிடம் போய் அழுதாள். ஒக்வாச் வீட்டு ஆட்டுக்கறியை மென்றுகொண்டே, "ஒபியேரோவ ஏரிப் பக்கமா எங்கயோ பொதச்சாப்ல ஞாபகம்" என்றார்கள். பாவிகள், அவனுக்கு மண் தள்ளியவர்களே அவர்கள்தான்.

அவள் சதுப்பு நிலத்தோரம் குடிசை போட்டாள். "கல்லறைய அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன் பாரு" என்பாள், மீனைப் புரட்டும்போதெல்லாம்.

போன வருஷம் அந்த வெள்ளைக் கல்லைத் தேடிக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நிலத்துக்காரன் என்று தொப்பி மாட்டிக்கொண்டு ஒக்வாச் முன்னால் நடந்தான். சோளக்கொல்லையில் கொஞ்சம் மண்ணை எடுத்ததுமே பச்சைக் கல் தட்டுப்பட்டது. இன்ஜினியர் மொமான்யி அங்கேயே குந்திவிட்டான். வெள்ளைக் குன்றுக்குள் பச்சைக் கல் எப்படி வரும்? குழம்பு அடியிலிருந்து தூக்கி வந்ததா, யாராவது கொண்டுவந்து போட்டதா?

விறகுக் கட்டோடு நாங்கள் இருவரும் அங்கே நின்றிருந்தோம். "உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? அவரையே கேளுங்க, நிலம் அவரோடது" என்றாள் அபோண்டி. "சொல்லுங்க கொழுந்தனாரே."

ஒக்வாச்சுக்கு வேர்த்துக் கொட்டியது. போட்டது என்றால் எதற்குப் போட்டார்கள் என்று கேட்பான். கல்லறை என்று சொன்னால் குன்று அவளுக்குப் போய்விடும்.

"யாரும் போடல சார். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அடியிலயே இருக்கு."

"அப்ப ஆழமாத் தோண்டிப் பாக்கணும்."

"அங்க வேணாமே சார், சோளம்..."

"சோளத்துக்கு நாங்க குடுத்துடறோம்."

கூலி ஆட்கள் கல்லைப் புரட்ட ஆரம்பித்தார்கள். நான் அபோண்டியின் கையைப் பிடித்து இழுத்தேன். "அடியே, உள்ள இருக்கறது உன் புருஷன்டி. நிறுத்தச் சொல்லு."

"அவர் பொறுத்துக்குவார்."

கண்ணில் தண்ணீர் ஓடியது, உதடு சிரித்தது. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கல்லுக்கு அடியில் ஒபியேரோவின் பெல்ட் வந்தது. பிறகு எலும்பு. கூலி ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அபோண்டி இறங்கிப் போய், ஒவ்வொன்றாக எடுத்துத் தன் துணியில் கட்டிக்கொண்டாள்.

வெயிலைப் பார்த்த எலும்பைப் பழைய குழியில் திருப்பி வைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கல்லறையைக் கலைத்தவனே புதுக்குழி வெட்ட வேண்டும். எங்கே என்பது பெண்டாட்டியின் சொல். அதே பெரியவர்கள், முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், "எங்கம்மா வைக்கலாம்?" என்றார்கள்.

ஒக்வாச்சின் புதுத் தகர வீட்டைக் காட்டினாள். "அங்க, வாசலுக்கு நேரா."

"கல்லறை அங்கதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சு குன்று உனக்கு வந்துடுச்சேடி, விட்டுடேன்" என்றேன்.

"அது என்னுது. இதுவும் எனக்கு வேணும்."

மத்தியான வெயிலில் ஒக்வாச் வெட்டினான். மடியில் எலும்பு மூட்டையை வைத்துக்கொண்டு அபோண்டி, "இன்னும் ஆழம் கொழுந்தனாரே, இன்னும் ஆழம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழியை மூடியதும் பழைய குழியின் பச்சைக் கல்லையே அதன் மேல் குவித்தாள். கல்லறைக்குப் பக்கத்தில் பெண்டாட்டி வீடு இருந்தாக வேண்டும் அல்லவா? அதையும் அங்கேயே கட்டிக்கொண்டாள். மீன் கழுவிய தண்ணீரெல்லாம் அவன் வாசலில்தான்.

வீட்டை விற்றுவிட்டு ஓடிவிடலாம் என்று நேற்று ஒக்வாச் ஓர் ஆளைக் கூட்டி வந்தான். வந்தவன் பச்சைக் கல் குவியலைப் பார்த்து, "இதென்ன இங்க?" என்றான்.

அபோண்டி மீனைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அவரையே கேளுங்க, நிலம் அவரோடது."

"எங்கண்ணன் கல்லறை" என்றான் ஒக்வாச்.