ஊசிக்கு வலதுபுறம் இருக்கும் இடம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தையல் மிஷின் விற்கும் ஒரு கடையில், கண்ணாடி போல மின்னிய புத்தம்புது மிஷின் ஒன்றின் இடுக்கில் எங்கள் நங்கையா தன் முழங்கையை நுழைத்துப் பார்த்த காலைப்பொழுது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடைக்காரர் மிஷினின் சின்னத் திரையைத் தொட்டுத் தொட்டுப் பூத்தையல், இலைத்தையல், எழுத்துத் தையல் என்று வகை வகையாகக் காட்டிக்கொண்டிருந்தார். நங்கையா திரையைப் பார்க்கவே இல்லை. ஊசிக்கும் அதற்கு வலதுபுறம் நிற்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் பார்த்தார். அதில் கையை விட்டார். முழங்கை முட்டி நின்றது. "இதெல்லாம் இருக்கட்டுங்க. இந்தச் சந்துல என்ற போர்வ போகுமா, அதச் சொல்லுங்க" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மிஷினைத் தேர்ந்தெடுத்தவளே நான்தான்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். பரமத்தி வேலூரில் அண்ணன் வீடு. அண்ணன் வடக்கே லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் முக்கால்வாசி நாள் பஞ்சாப், ஹரியானா என்று போய்விடுவார். நங்கையா ஆற்றுப்பாலம் தாண்டி தினமும் பஸ்ஸில் கரூருக்குப் போய், வெளிநாட்டுக்குப் போர்வை அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சை விரித்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கும் பிரிவு அது. அறையின் நீளத்துக்கு ஒரு சட்டம். அதில் போர்வையை இழுத்துக் கட்டிவிட்டு, மிஷினின் தலையைக் கையால் பிடித்து நகர்த்திக்கொண்டே தைக்க வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டும். நின்று நின்று அவருடைய வலது முட்டி வீங்கிப்போனது.

இடையில் உட்கார ஆளுக்கொரு ஸ்டூல் வேண்டும் என்று கேட்டார். உட்கார்ந்தால் கை ஓடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஒரு நாள் மதியம் நங்கையா மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் கிடந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார். அதைப் பார்த்து இன்னும் நான்கு பெண்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரமே நங்கையாவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நங்கையா அழவில்லை, கெஞ்சவில்லை. ஆபீஸ் அறைக்குப் போய், "நான் உக்காந்தது தப்புன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, வாங்கிட்டுப் போயர்றேன்" என்று நின்றார். சாயங்காலம் வரை நின்றும் யாரும் எழுதித் தரவில்லை. இதை என்னிடம் சொன்னபோது, "எழுதறதுக்குக் கை வருல பாத்தியா அம்மிணி" என்று சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இருந்த வேலையையும் வீம்புக்கு விட்டுவிட்டாரே என்று உள்ளுக்குள் கோபப்பட்டேன்.

வீட்டிலேயே போர்வை தைக்கப்போவதாக அவர் சொன்னது அதற்கு ஒரு மாதம் கழித்து. கட்டிலுக்கு அல்ல, லாரிக்கு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுத்துத் தூங்க ஒரு பலகை இருக்குமே, அந்த அளவுக்குத் தடிமனான பஞ்சுப் போர்வை. "பனிக்காலத்துல அந்த ரெக்சின் சீட்டு ஐஸ் மாதிரி இருக்குதுன்னு உங்கண்ணன் வருசா வருசம் பொலம்பறாரு. நாமக்கல்லுல லாரிக்கா பஞ்சம்?" என்றார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "டிரைவருக்குப் பஞ்சு மெத்தையா? கல்யாண மாப்பிள்ளையா அவன்?" என்றார்.

தைப்பது என்று முடிவான பிறகு எந்த மிஷினில் தைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. கல்யாணச் சீரில் வந்த மிதிமிஷினே போதும் என்றார் அண்ணன். நங்கையா அதில் உட்கார்ந்து பார்த்தார். வெறும் துணியில் இரண்டு வரிசை ஓட்டுவதற்குள் முட்டி விண்விண் என்று தெறித்தது. பஞ்சின் தடிமனுக்கு ஊசியடியில் துணி நுழையவும் இல்லை. அப்போதுதான் பழைய கம்பெனிக்குப் பெண்களை வைத்து வேலை வாங்கிக் கொடுக்கும் காண்ட்ராக்டர் வீடு தேடி வந்தார். கம்பெனியில் இருப்பது போன்ற சட்டம் வைத்த பெரிய மிஷினை முன்னறையில் போட்டுத் தருவதாகவும், அவர்களுடைய வேலையை மட்டும் தைத்துக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். அண்ணனுக்கு ஏக சந்தோஷம். டேப் எடுத்து அறையை அளந்தார். கட்டிலை வெளியே போட்டால் மிஷின் சரியாக உட்காரும் என்று கணக்கு வந்தது.

"மிஷின் உள்ள, நாம வெளியவா?" என்றார் நங்கையா. பிறகு காண்ட்ராக்டர் பக்கம் திரும்பி, "அங்க நின்னு தெச்சது போதாதுன்னு என்ற ஊட்டுக்குள்ளயும் நிக்க வெக்கறீங்களா? டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். அவர் டீ குடிக்காமலே போனார்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிறேன். படித்தவள் என்பதால் மிஷினைப் பற்றி விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு வாரம் போனில் வீடியோக்களாகப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். எத்தனை வகைத் தையல், எத்தனை பொத்தான், தானாக நூல் கோர்க்குமா என்றெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு, இருப்பதிலேயே அழகான கம்ப்யூட்டர் மிஷினை மனதுக்குள் வாங்கியே விட்டேன். ஒரு சனிக்கிழமை நங்கையாவை வரச் சொன்னேன். நாமக்கல்லில் பஸ் மாறி வந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு பெரிய சுருள். அவர் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுச் சேர்த்த மூன்றடுக்குப் போர்வை. இதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "செருப்பு வாங்கப் போறப்ப கால ஊட்டுல வெச்சுட்டா போவாங்க?" என்றார்.

கடைக்காரர் தன் வசம் இருந்த மெல்லிய துணித்துண்டில் தைத்துக் காட்டினார். நங்கையா சுருளை மேஜைமேல் வைத்தார். பஞ்சு உள்ளே போனால் மிஷின் கெட்டுவிடும், வாங்கின பிறகு வீட்டில் தைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் மறுத்தார்.

"ஏனுங்க, பஞ்சு தெக்கற மிஷினுன்னுதான நீங்க சொன்னீங்க? பஞ்சுல கெட்டுப்போறதுன்னா அது எனக்கு எதுக்குங்க?"

"அம்மா, எல்லாரும் இப்படி ஆளுக்கொரு மெத்தையத் தூக்கிட்டு வந்தா நான் யாவாரம் பண்ண முடியுமா?"

"வேற யாரு வந்தாங்க? நான் ஒருத்திதான வந்திருக்கறேன்."

சொல்லிவிட்டு, அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போய்விடலாம் நங்கையா என்று காதோடு சொன்னேன். அவர் அசையவில்லை. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரும் இவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கடைக்காரரே சலித்துப்போய், தைத்துத்தான் பாருங்கள் என்று கையை விரித்தார்.

நான் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர் மிஷினில் போர்வையின் பாதிச் சுருள்கூட நுழையவில்லை. திணித்துத் தைத்தபோது மிஷினே மேஜையில் நகர்ந்தது, தையல் விட்டு விட்டு விழுந்தது. அடுத்து, தையல் கம்பெனிகளில் ஓடுகிற பவர் மிஷின். இழுவை பலமாகத்தான் இருந்தது. ஆனால் அடித்துணி முன்னே ஓட, மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழுந்தது. கடைசியாக நங்கையா, மூலையில் உறை போட்டிருந்த ஒன்றைக் காட்டி அது என்ன என்று கேட்டார். "அது நேர்த்தையல் மட்டும்தாம்மா போடும். வேற ஒரு வித்தையும் இல்ல. யாரும் கேக்கறதில்ல" என்றார் கடைக்காரர்.

உறையை எடுத்தோம். கழுத்து அகலமான, கனத்த மிஷின். நங்கையா கையை விட்டார். முழங்கை தாண்டித் தோள் நெருங்கும்வரை போனது. துணியை அமுக்கும் பாதத்தைக் கழற்றி, கீழிருக்கும் பல்லோடு சேர்ந்து மேலேயும் துணியை நகர்த்துகிற வேறொரு பாதத்தை மாட்டச் சொன்னார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதியைத் தரையில் நகர்த்தி இடது காலுக்கு வைத்துக்கொண்டார். போர்வையின் நடுவில் ஊசியை இறக்கி, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஒரே கோடு இழுத்தார். மூன்று அடுக்கும் ஒன்றாக நகர்ந்தன. திருப்பிப் போட்டு அடித்துணியை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. "எனக்கு நேராப் போனாப் போதுங்க. இதையே கட்டுங்க" என்றார். கடைக்காரரும் குனிந்து அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். கம்பெனியிலிருந்து வந்த பி.எஃப். பணத்தில் மிஷின் வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று செய்தார். போர்வை வழுக்கிக்கொண்டு ஓட, மிஷினின் தளமும் மேஜையின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு தேக்கு மேஜை உண்டு. அண்ணனின் டிவியும் சாமி படமும் அதன்மேல்தான். நங்கையா எல்லாவற்றையும் இறக்கிவைத்தார். மேஜை நடுவில் மிஷின் இறங்கும் அளவுக்குச் சாக்கட்டியால் கட்டம் போட்டு, ஆசாரியை வரவழைத்து அறுக்கச் சொன்னார். டிரிப் முடிந்து வந்த அண்ணன், நடுவில் பெரிய ஓட்டையோடு நின்ற மேஜையைப் பார்த்துக் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

"ஏம்புள்ள, யாரக் கேட்டு அறுத்த?"

"எங்கப்பன் குடுத்த மேசைங்க. அவரு போய்ச் சேந்துட்டாரு. இருந்தா அவரக் கேட்டிருப்பேன்."

அண்ணன் இரண்டு நாள் கடையில் சாப்பிட்டார். மூன்றாம் நாள் லோடு வந்தது, போய்விட்டார். அந்த மேஜையில் தைத்த முதல் பத்துப் போர்வைகளும் அண்ணனோடு வண்டி ஓட்டுகிற டிரைவர்களுக்கே போயின. ஒருவர் வாங்கினதைப் பார்த்து அடுத்தவர் கேட்டார். கம்பெனியில் அன்று அவரோடு உட்கார்ந்த நான்கு பேரில் இரண்டு பேர் இப்போது நங்கையாவுக்குப் பஞ்சு விரித்து ஓட்டுத்தையல் போட வருகிறார்கள். காண்ட்ராக்டர் மறுபடி ஒரு தடவை வந்தார். இந்தத் தடவை டீ குடித்தார். ஆர்டர் கொடுத்தால் எடுப்பீர்களா என்று கேட்டார். இடம் இல்லை என்று நங்கையா சொல்லிவிட்டார்.

அண்ணன் மட்டும் போர்வை கேட்கவே இல்லை. நங்கையாவும் கொடுக்கவில்லை. இரண்டு பனிக்காலம் அப்படியே போனது. போன மார்கழியில் அண்ணன் எனக்குப் போன் செய்து, சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில், "உங்க நங்கையாகிட்டச் சொல்லி எனக்கொண்ணு தெச்சு வெக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். "அவருக்கு வாயில்லையா அம்மிணி? வந்து கேக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

அண்ணன் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்று செருமினார். மிஷின் நிற்கவில்லை. மறுபடி செருமினார்.

"எனக்கும் ஒரு போர்வ வேணும்."

நங்கையா கோட்டை முடித்து, நூலை அறுத்து, பிறகுதான் நிமிர்ந்தார். "அளவு சொல்லுங்க" என்றார்.

அண்ணன் அளவு சொன்னார். நாளை மறுநாள் லோடு ஏற்றணும், அதற்குள் ஆகுமா என்று கேட்டார். நங்கையா சுவரில் மாட்டியிருந்த நோட்டைப் புரட்டினார். "உங்களுக்கு மின்னாடி ஏழு டிரைவருங்க இருக்கறாங்க. பத்து நாளு ஆகும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார் நங்கையா, எட்டாவதாக.

அந்த டிரிப்புக்கு அண்ணன் பழைய கம்பளியோடுதான் போனார். போர்வை பத்தாம் நாள் முடிந்தது. ஒரு நாள் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.