விளக்கு வைக்கும் முன் ஓடவேண்டிய வண்டி

எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அவர் துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் அதை வாங்கியிருந்தார். அது ஓடினால் எங்கள் சுங்கை பினாங் வட்டாரம் முழுக்கக் கேட்கும். நின்றுபோனால் என் மாமியார் போடும் சத்தம் அதைவிடத் தூரம் கேட்கும்.

எங்கள் வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் அண்ணனான மூத்தாரும் ஓரகத்தியும் பிள்ளைகளும், கூடத்தில் மாமியார். நான் தும்மினால் போதும், மிளகு ரசம் வைக்கட்டுமா என்று கூடத்திலிருந்து குரல் வரும். எனக்கோ சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. கட்டின புருஷன் ஏதாவது வேடிக்கை சொன்னால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சுமுட்டிச் சிரிக்க வேண்டும். என்ன கொடுமை அது!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு விடுதலை. வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தால் டவுனைத் தாண்டி, கடலோரமாகவே தஞ்சோங் பூங்கா என்ற கடற்கரை வரை போவோம். எஞ்சின் போடும் இரைச்சலில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. கத்திக் கத்திப் பேசுவோம். வாய்விட்டுச் சிரிப்பேன். நானும் அவரும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது அந்த வீட்டில் அல்ல, அந்த வண்டியின் மேல்தான்.

அப்படிப்பட்ட வண்டியை மனிதர் ஒருநாள் பிரித்துப் போட்டுவிட்டார். எஞ்சினுக்குள் கரி பிடித்திருக்கிறதாம், சுரண்ட வேண்டுமாம். பிரித்ததுதான் பிரித்தார், கையோடு கையாக கிளட்சையும் கழற்றினார். கூடமெல்லாம் நட்டும் போல்ட்டும். நடக்க வழியில்லை. மாமியார் சாமி விளக்கை ஏற்றப் போய் எண்ணெய்த் துணியில் கால் வைத்து வழுக்கினார். அன்றைக்குப் பிறந்தது சனியன்.

“விஜயதசமி அன்னிக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள இது ரோட்டுல ஓடணும். இல்லேன்னா பழைய இரும்பு வாங்குற சீனனை நானே வரச் சொல்லித் தூக்கிக் குடுத்துருவேன். ஊர் சிரிக்கிறது போதும். இவ அவனைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுப் போறதும் போதும்.”

மாமியார் சொன்னால் சொன்னதுதான். பெரிய மகனே அவர் முன்னால் பீடி பிடிக்க மாட்டார்.

என் வீட்டுக்காரர் விழுந்தடித்துக்கொண்டு எஞ்சினைப் பூட்டினார். பாக்கி நின்றது கிளட்சுத் தட்டுகள்தான். கழற்றிய வரிசை மாறக் கூடாதென்று தட்டுகளைக் கம்பியில் கோத்து அடுக்காக வைத்திருந்தார். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. அன்றைக்கு யாரும் வேலைச் சாமானைத் தொடக் கூடாது. அரிவாள்மணை, கத்தரிக்கோல், மூத்தாரின் தச்சு உளி, ஸ்பேனர்கள், கிளட்சுத் தட்டு எல்லாமே சாமி முன்னால் ஏறிவிட்டன. ஒரு நாள் முழுக்க அவர் கையைப் பிசைந்துகொண்டு பொரிகடலை தின்றார்.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக அடுக்கைக் கம்பியிலிருந்து உருவி, வரிசை குலையாமல் அப்படியே உள்ளே தள்ளி, ஸ்பிரிங் போட்டு மூடினார். பிறகு மற்றதையெல்லாம் பூட்டி, வாசலை ஒட்டிய நடைபாதையான அஞ்சடிக்கு இறக்கி ஓர் உதை உதைத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தேன்.

கியரைப் போட்டார். கிளட்சை மெல்ல விட்டார். எஞ்சின் ஊளையிட்டது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

“ஏங்க, கியர் போட்டீங்களா?”

“போட்டாச்சு.”

“பின்ன ஏன் போகல?”

“அதைத்தானே நானும் கேக்குறேன்!”

எனக்கு அவர் விளக்கியது இதுதான். எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தத் தட்டுகள். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்தால் வண்டி நகரும். வழுக்கினால் எஞ்சின் மட்டும் தொண்டை கிழியக் கத்தும். ஆகவே எங்கேயோ பிடி போதவில்லை. முதலில் கிளட்சுக் கம்பியைச் சந்தேகப்பட்டார். அது விறைப்பாக இருந்தால் தட்டுகள் ஒட்டாதாம். தளர்த்தினார். வண்டி பக்கத்து வீட்டு வாசல்வரை நகர்ந்து, மறுபடி நின்று ஊளையிட்டது.

மத்தியானம் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்து சேர்ந்தார். மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார் போலிருக்கிறது. நல்ல மனிதர்தான். ஆனால் அவரைப் பார்த்ததும் எனக்கு எமனைப் பார்த்த மாதிரி இருந்தது. அஞ்சடித் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டார்.

“அண்ணே, இது ஓடாதுலா. வெயில் ரொம்ப பானாஸ், கொளுத்துது. சீக்கிரம் குடு, நான் போறேன்.”

“ஓடும்! ஓடாட்டி நான் இழுத்துக்கிட்டு ஓடுவேன்!” என்று நான் பாய்ந்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

அடுத்து ஸ்பிரிங். என் வீட்டுக்காரர் நட்டுகளை ஆன மட்டும் முறுக்கினார். இப்போது கிளட்சுப் பிடியை ஒரு கையால் அமுக்கவே முடியவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினார், நானும் என் கையைச் சேர்த்து அமுக்கினேன். விட்டோம். வண்டி தெருமுனைவரை நத்தை மாதிரி ஊர்ந்தது. பிறகு அதே ஊளை. இரும்புக்காரர் கைதட்டினார்.

தள்ளிக்கொண்டு திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த வாசனை அடித்தது.

“ஏங்க, சந்தன வாசனை வரல?”

“உள்ள பூஜை நடந்த வீடு. வராம?”

“இல்லீங்க, இங்கேருந்து வருது.” நான் குனிந்து கிளட்சுப் பக்கம் மூக்கை வைத்தேன். சூடேறிய இரும்பிலிருந்து சந்தனமும் நல்லெண்ணெயும் கமகமவென்று வந்தது. “ஐயோ, பணியாரம் சுடுற மாதிரி மணக்குதுங்க!”

அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம் தானும் குனிந்து மோந்தார். மறு பேச்சில்லாமல் ஸ்பேனரை எடுத்தார்.

மூடியைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். முதல் தட்டில் குழைந்த சந்தனம், நடுவில் குங்குமம். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. தக்கை பதித்த தட்டுகள் நல்லெண்ணெயைக் குடித்து ஊறிப்போயிருந்தன.

“மேல் தட்டுல பொட்டு இருந்துச்சு. தொடைச்சேனே! உள்ள இருக்கிறதுக்குமா வைப்பாங்க?” என்றார் அவர்.

அவ்வளவுதான். நான் அஞ்சடியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். முந்தானை, மாமியார், மூத்தார், தெரு, ஒன்றும் நினைவில்லை. விலா வலிக்கச் சிரித்தேன். அவரும் கையெல்லாம் குங்குமமாக என்னோடு சேர்ந்து சிரித்தார். என்ன ஏதென்று தெரியாமலே இரும்புக்காரரும் சிரித்தார்.

சத்தம் கேட்டு மாமியார் வெளியே வந்தார். தட்டுகளைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“நான்தான் வெச்சேன். அரிவாள்மணைக்கு எண்ணெய் தடவிப் பொட்டு வைக்கலியா? அது மாதிரிதான். கம்பியிலேருந்து கழட்டி, ஒண்ணொண்ணா வெச்சு, வரிசை மாறாமத் திருப்பிக் கோத்தேன்.”

“அம்மா, இதுக்கு எண்ணெயே ஆகாதும்மா! வழுக்கும்!”

“அது எனக்கு எப்படிடா தெரியும்?”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அத்தை, நீங்கதான் இரும்புக்காரருக்குக் குடுக்கணும்னு நின்னீங்க. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தட்டுக்கும் பொட்டு?”

அவர் என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னார். “குடுக்கிறது வேற பேச்சு. ஓடுச்சுன்னா நீங்க ரெண்டு பேரும்தானே அதுல ஏறிப் போவீங்க? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகக் கூடாதில்ல.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அவரை நான் மனதுக்குள் எத்தனை திட்டியிருப்பேன்!

மேற்கே மலைப் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் தட்டுகளைக் கழுவினோம், துடைத்தோம், மறுபடி கழுவினோம். முறத்தில் பரப்பி, வடகம் காயவைப்பதுபோல வெயிலில் வைத்தோம். மேகம் நகர நகர நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் துரத்தினேன். இரும்புக்காரரே தன் தள்ளுவண்டியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். காய்ந்ததும் என் வீட்டுக்காரர் பூட்டினார், ஸ்பிரிங்கைப் பழைய அளவுக்குத் தளர்த்தினார். வீடுகளில் விளக்குக்குத் திரி திரிக்கும் நேரம் ஆகியிருந்தது.

உதைத்தார். கியர். கிளட்சை விட்டார்.

வண்டி பாய்ந்தது பாருங்கள்! அவர் பின்னால் மல்லாந்து விழப் பார்த்து, சமாளித்து, தெருமுனையில் கோழிகளைச் சிதறடித்து, திரும்பி வந்தார். நான் குதித்த குதியில் கொண்டை அவிழ்ந்துவிட்டது. இரும்புக்காரர் “பாகூஸ்லா! நல்ல வண்டி!” என்று கத்திக்கொண்டே வெறும் தள்ளுவண்டியோடு போனார்.

மாமியார் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்தடியில் வைத்தார். நான் தயங்கி நின்றேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

“என்ன பார்க்கிறே? ஏறு” என்றார் மாமியார்.

ஏறினேன். பழம் நசுங்கியது. மாமியார் கிட்டே வந்து, என் அவிழ்ந்த கொண்டையை முடிந்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“சோறு மூடி வைக்கிறேன். அவசரமா வரவேணாம். அங்க போய் நல்லா சிரிச்சிட்டு வாங்க.”